பட்டன் தேயாத டயருக்கும் வயது உண்டு: பழைய காரின் சக்கரங்களைப் பற்றி

பழைய கார் விற்கிறவர் பானெட்டைத் திறந்து காட்டுவதற்கு முன்பே டயரைக் காலால் ஒரு தட்டு தட்டி, "பட்டன் பாருங்க சார், அப்படியே புதுசு" என்பார். வாங்க வந்தவரும் குனிந்து பார்த்துத் தலையாட்டுவார். பட்டன், அதாவது டயர் தரையைத் தொடும் பகுதியில் உள்ள மேடுபள்ளம், இருப்பது உண்மைதான். ஆனால் பத்து, பதினைந்து வருடம் ஓடிய காரில் பட்டன் ஆழமாக இருப்பது நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று அந்த இடத்தில் யாரும் கேட்பதில்லை.

தினமும் அலுவலகம் போய்வரும் காரில் டயர் தேய்ந்து சாகும். வீட்டில் புதிதாக ஒரு வண்டி வந்த பிறகு "இருக்கட்டும்" என்று வைத்திருக்கும் மாருதி 800, அப்பா ஓட்டிய சான்ட்ரோ, கோயிலுக்கும் மருத்துவமனைக்கும் மட்டும் வெளியே வரும் ஆல்ட்டோ, இவற்றில் டயர் வயதாகிச் சாகும். கணக்கு எளிது. ஒரு சிறிய காரின் டயர் 40,000 கிலோமீட்டர் ஓடும் என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 3,000 கிலோமீட்டர் ஓட்டினால் பட்டன் தேய்ந்து முடிய 13 வருடம் ஆகும். ரப்பர் அத்தனை வருடம் தாங்காது. ஆகவே குறைவாக ஓடும் பழைய காருக்கு டயர் பார்க்கும்போது முதல் கேள்வி ஆழம் எவ்வளவு என்பதல்ல, எப்போது செய்தது என்பதுதான்.

ரப்பர் ஏன் கெடுகிறது என்று கொஞ்சம் பார்த்துவிடுவோம். காற்றிலுள்ள ஆக்சிஜன் ரப்பரின் மூலக்கூறுகளோடு மெல்ல வினைபுரிந்து அதை இறுக்கிக்கொண்டே போகிறது. வெப்பம் கூடக்கூட அந்த வேலை வேகமாக நடக்கும். ஓசோன் மேற்பரப்பைத் தாக்கி மெல்லிய வெடிப்புகளை உண்டாக்கும். வெயிலின் புற ஊதாக் கதிரும் தன் பங்குக்குச் சேரும். இதையெல்லாம் தெரிந்துதான் டயர் செய்கிறவர்கள் ரப்பர் கலவையிலேயே ஒருவகை மெழுகையும் பாதுகாப்பு வேதிப்பொருள்களையும் சேர்க்கிறார்கள். டயர் உருண்டு, நெளிந்து, சூடாகும்போது அவை உள்ளிருந்து மேற்பரப்புக்குக் கசிந்து வந்து ஒரு படலமாகப் படியும். நிற்கும் வண்டியில் டயர் நெளிவதில்லை, அதனால் அந்தப் படலமும் புதுப்பிக்கப்படுவதில்லை. ஓட்டாமல் வைத்தால் டயர் மிச்சமாகும் என்பது பலருடைய நம்பிக்கை. நடப்பது பெரும்பாலும் தலைகீழ்.

வெளியே தெரியும் வெடிப்புகூடப் பரவாயில்லை, கண்ணில் படுகிறது. உள்ளே எஃகுக் கம்பிப் பட்டைகளுக்கும் ரப்பருக்கும் இடையிலுள்ள பிடிப்பு தளர்வதுதான் ஆபத்து. உள்ளே அடைத்த காற்றே மெல்ல ரப்பர் அடுக்குகளை ஊடுருவி அந்தப் பிடிப்பைப் பலவீனப்படுத்தும். வெளியிலிருந்து பார்த்தால் டயர் கறுப்பாக, ஜம்மென்று இருக்கும். மே மாத வெயிலில் திருச்சி நெடுஞ்சாலையில் நான்கு பேரும் பெட்டிகளுமாக 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போதுதான் பட்டன் பகுதி தோல் உரிவதுபோல் கழன்று வரும்.

2012 செப்டம்பரில் இங்கிலாந்தின் சர்ரே பகுதியில், இசை விழாவிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த ஒரு பேருந்தின் முன் டயர் வெடித்து, வண்டி மரத்தில் மோதி மூன்று பேர் இறந்தார்கள். விசாரணையில் அந்த டயருக்கு 19 வயதுக்கு மேல் ஆகியிருந்தது தெரிந்தது. பட்டன் சட்டம் கேட்கும் அளவுக்கு இருந்தது. மகனை அதில் இழந்த தாய் ஒருவர் வருடக்கணக்கில் போராடியதன் விளைவாக, 2021 பிப்ரவரி 1 முதல் லாரி, பேருந்துகளின் முன் அச்சில் பத்து வருடத்துக்கு மேற்பட்ட டயர் கூடாது என்று பிரிட்டனில் சட்டம் வந்தது. நம் ஊரில் கார் டயருக்கு வயது வரம்பு எதுவும் சட்டத்தில் இல்லை. பட்டனின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது என்பதோடு சரி.

வயதைக் கண்டுபிடிக்க யாரையும் கேட்க வேண்டியதில்லை. டயரின் சைடுவாலில், அதாவது பக்கச் சுவரில், ‘டிஓடி’ (DOT) என்று தொடங்கும் நீண்ட குறியீடு இருக்கும். அதன் கடைசி நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம், அதாவது ஜூன் மாதம். மூன்றே இலக்கம் இருந்தால் அது 2000-க்கு முன் செய்த டயர். அதைப் பற்றி மேற்கொண்டு பேச எதுவுமில்லை, கழற்ற வேண்டியதுதான். இந்த நான்கு இலக்கம் டயரின் ஒரு பக்கத்தில் மட்டும் இருப்பது உண்டு. அந்தப் பக்கம் உள்நோக்கி மாட்டப்பட்டிருந்தால் வண்டிக்கு அடியில் தலையை நுழைத்துத்தான் பார்க்க வேண்டும். கைப்பேசியை உள்ளே நீட்டிப் படம் எடுத்துவிடலாம்.

டயர் தயாரிப்பாளர்கள் பொதுவாகச் சொல்வது, ஐந்து வருடத்துக்குப் பிறகு ஆண்டுதோறும் விவரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள், பட்டன் எப்படி இருந்தாலும் பத்து வருடத்தில் மாற்றுங்கள் என்பது. கார் தயாரிப்பாளர்கள் பலர் ஆறு வருடத்திலேயே மாற்றச் சொல்கிறார்கள். வருடத்தில் பாதி நாள் கொளுத்தும் நம் ஊரில், வெட்டவெளியில் நிற்கும் வண்டிக்கு நான் ஆறு, ஏழு வருடத்தோடு முடித்துக்கொள்வேன். கூரைக்குள் நிற்கும் வண்டிக்கு இன்னும் ஓரிரண்டு வருடம் கூட்டிக் கொடுக்கலாம். ஊருக்குள்ளேயே 40 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் வண்டி, நெடுஞ்சாலையில் குடும்பத்தோடு போகும் வண்டி இரண்டுக்கும் ஒரே கண்டிப்பு தேவையில்லை என்பதும் உண்மை. பத்து வருடம் தாண்டியதை மட்டும் எந்தச் சாக்கும் காப்பாற்றாது.

இந்தக் கணக்கில் எல்லோரும் மறந்துவிடும் டயர் ஒன்று உண்டு, ஸ்டெப்னி. நான்கு டயரையும் இரண்டு முறை மாற்றியவர்கள்கூட டிக்கியில் கிடக்கும் ஐந்தாவதைத் தொட்டிருக்க மாட்டார்கள். 2008-இல் வாங்கிய காரில் 2008-இல் செய்த ஸ்டெப்னி, கம்பெனியில் வந்த ரோமம்கூட உதிராமல் படுத்திருக்கும். பஞ்சரான அன்று இரவு அதை மாட்டி, "நல்லவேளை புது டயர் இருந்தது" என்று சந்தோஷமாக அதே வேகத்தில் பயணத்தைத் தொடர்வார்கள். அப்படிப்பட்ட ஸ்டெப்னி பக்கத்து ஊர் பஞ்சர் கடை வரை மெதுவாகப் போவதற்கு மட்டுமே.

அளவு விஷயத்துக்கு வருவோம். மாருதி 800-இன் டயர் அளவு 145/70 ஆர்12. அகலம் 145 மில்லிமீட்டர். சைடுவாலின் உயரம் அந்த அகலத்தில் 70 சதவீதம், அதாவது 101.5 மில்லிமீட்டர். ரிம் 12 அங்குலம். ‘ஆர்’ என்பது ரேடியல். அதையடுத்து 69எஸ் என்று இருக்கும். 69 என்றால் ஒரு டயர் 325 கிலோ தாங்கும், எஸ் என்றால் மணிக்கு 180 கிலோமீட்டர் வரை ஓடலாம் என்று பொருள். 800-இல் அந்த வேகத்தைப் பார்க்க மலையிலிருந்துதான் உருட்ட வேண்டும். ஆக வேகக் குறியீட்டைப் பற்றிக் கவலை வேண்டாம். எடைக் குறியீட்டை மட்டும் கம்பெனி சொன்னதிலிருந்து குறைக்கவே கூடாது.

800 வைத்திருப்பவர்கள் பலர் ஆல்ட்டோவின் 145/80 ஆர்12 அளவை மாட்டுகிறார்கள். வேகத்தடையில் அடிவயிறு தட்டாது என்பதுதான் காரணம், அது நியாயமான காரணமும்கூட. ஆனால் என்ன விலை கொடுக்கிறோம் என்று தெரிந்து செய்ய வேண்டும். பழைய அளவில் சக்கரத்தின் மொத்த விட்டம் ஏறத்தாழ 508 மில்லிமீட்டர். புதிய அளவில் 537. வித்தியாசம் 5.7 சதவீதம். வண்டி தரையிலிருந்து 14 மில்லிமீட்டர் உயரும், சரி. கூடவே ஸ்பீடோமீட்டர் 80 காட்டும்போது நிஜ வேகம் 84-ஐத் தாண்டியிருக்கும். கியர் விகிதமும் அதே 5.7 சதவீதம் நீண்டுவிடுவதால், 796 சிசி எஞ்சின் ஏற்காட்டு மலைப்பாதையில் இரண்டாம் கியரில் திணறும். பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டியில் கை வலிக்கும். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் டயர் உள்ளே உரசுகிறதா என்றும் பார்க்க வேண்டும். மொத்த விட்டம் 3 சதவீதத்துக்கு மேல் மாறக்கூடாது என்பது டயர் உலகில் பரவலாக ஒப்புக்கொண்ட எல்லை. இது அதைத் தாண்டுகிறது. ஆம்னி வேனின் கனத்த டயரை மாட்டுகிறவர்களும் உண்டு. அது சரக்கு ஏற்றச் செய்த டயர். 650 கிலோவைச் சுற்றியே எடையுள்ள காரை அதன் மேல் வைத்தால் ஒவ்வொரு குழியும் முதுகுத்தண்டில் கேட்கும். நீடித்து உழைக்கும் என்பார்கள், உழைக்கத்தான் செய்யும். குறைவாக ஓடும் காருக்கு அந்த உழைப்பால் என்ன பயன்?

பெரிய ரிம், அகல டயர், அலாய் வீல் என்று ஆசைப்படுகிறவர்களிடம் ஒன்றே ஒன்று சொல்லலாம். பழைய காரின் சஸ்பென்ஷன் புஷ், வீல் பேரிங், ஸ்டியரிங் மூட்டுகள் எல்லாம் மெல்லிய டயரைத் தாங்கவே செய்யப்பட்டவை, இப்போது அவற்றுக்கும் வயதாகிவிட்டது. ரிம்மை வெளியே தள்ளி மாட்டினால் பேரிங்கின் மேல் விழும் நெம்பு கூடும். கம்பெனி கொடுத்த அளவில் புதிதாகச் செய்த சாதாரண டயர், பழைய காருக்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய ‘அப்கிரேடு’ என்பதே என் கட்சி.

அம்பாசடர், பத்மினி வைத்திருப்பவர்கள் கதை வேறு. அம்பாசடருக்கு 5.90-15, பத்மினிக்கு 5.20-14 என்று அங்குலக் கணக்கில் அளவு போட்ட கிராஸ்-பிளை டயர்கள் வந்த காலம் அது. கிராஸ்-பிளையில் நைலான் இழைகள் குறுக்கும் நெடுக்குமாகச் சாய்ந்து ஓடும். ரேடியலில் இழைகள் விளிம்பிலிருந்து விளிம்புக்கு நேராக ஓடி, பட்டனுக்கு அடியில் எஃகுப் பட்டை சுற்றியிருக்கும். மிஷ்லின் 1946-இல் காப்புரிமை வாங்கி 1949-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த இந்த அமைப்பு, இந்தியக் கார்களுக்குப் பரவலாக வந்து சேர எண்பதுகளும் தொண்ணூறுகளும் ஆயின. அதற்கு முன் வடிவமைத்த கார்களுக்கு ரேடியல் மாட்டலாம், சாலைப்பிடிப்பும் சவாரியும் மேம்படும். ஆனால் ஒரே அச்சில் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் மற்றொன்று என்று கலக்கவே கூடாது. வளைவில் இரண்டும் வெவ்வேறு விதமாக நெளியும், பிரேக் பிடித்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். இரண்டு ரேடியல் மட்டும் கிடைத்திருந்தால் அவை பின்னால் போக வேண்டும்.

பழைய ரிம்மில் இன்னொரு சிக்கலும் உண்டு. டியூப்லெஸ் டயருக்கான ரிம்மில், டயரின் விளிம்பு உட்காரும் இடத்துக்குச் சற்று உள்ளே சிறிய மேடு ஒன்று சுற்றிலும் ஓடும். காற்று குறைந்தாலும் வளைவில் டயர் விளிம்பு உள்ளே நழுவாமல் அது தடுக்கும். டியூப் காலத்து ரிம்களில் பெரும்பாலும் அந்த மேடு கிடையாது. அதில் டியூப்லெஸ் டயரை வெறுமனே மாட்டினால் காற்று நிற்கலாம், விளிம்பு நிற்கும் என்று உறுதியில்லை. அதற்கு டியூப்தான் சரி. இதற்கு நேர்மாறான தவறு இன்றைய கார்களில் நடக்கிறது. துருப்பிடித்த ரிம்மில் காற்று கசிகிறது என்று போனால், "ஒரு டியூப் போட்டுடலாம் சார்" என்பார்கள். டியூப்லெஸ் டயருக்குள் டியூப் போட்டால் இரண்டும் உரசிச் சூடாகும், உள்பக்கத்துச் சொரசொரப்பு டியூபை அரிக்கும். டியூப்லெஸ்ஸில் ஆணி குத்தினால் காற்று மெதுவாக இறங்கும் என்ற பெரிய வசதியும் போய்விடும். டியூபில் ஆணி குத்தினால் நொடியில் தட்டையாகும். கசியும் ரிம்முக்கு வைத்தியம் ரிம்மில்தான் செய்ய வேண்டும்.

வாங்கப் போகும்போது ஒரு வேடிக்கையைக் கவனிக்கலாம். டயர் ஆலைகள் நிறைந்த தமிழ்நாட்டில்தான் நாம் இருக்கிறோம். 1946-இல் திருவொற்றியூரில் பலூன் செய்யத் தொடங்கிய சின்னக் கொட்டகையிலிருந்துதான் மெட்ராஸ் ரப்பர் ஃபாக்டரி என்ற எம்ஆர்எஃப் வளர்ந்தது. அரக்கோணத்திலும் பெரம்பலூரிலும் அதன் ஆலைகள் இருக்கின்றன. ஒரகடத்தில் அப்பல்லோ, தேர்வாய்க்கண்டிகையில் மிஷ்லின். கார் ரிம் செய்யும் வீல்ஸ் இந்தியா பாடியில் இருக்கிறது. இத்தனை இருந்தும் 12 அங்குல டயர் கேட்டால் பெரிய ஷோரூம்களில் உதட்டைப் பிதுக்குவார்கள். 800-இன் உற்பத்தி 2014 ஜனவரியில் நின்றது, ஆல்ட்டோ 800-உம் 2023-இல் போனது. புது கார்கள் 14, 15, 16 அங்குலத்துக்குப் போய்விட்டன. 2020 ஜூனில் டயர் இறக்குமதிக்கு அரசு உரிமக் கட்டுப்பாடு கொண்டுவந்த பிறகு வெளிநாட்டுச் சிறிய டயர்களும் அரிதாகின. ஆக இந்திய நிறுவனங்களின் இரண்டு மூன்று மாடல்களுக்குள்தான் தேர்வு. எந்த பிராண்டு என்று மண்டையை உடைத்துக்கொள்ளத் தேவையில்லை. ஐஎஸ்ஐ முத்திரை இருக்க வேண்டும், அது சட்டப்படி கட்டாயம்.

கண்ணை எதில் வைக்க வேண்டும் என்றால், மறுபடியும் அந்த நான்கு இலக்கத்தில்தான். வேகமாக விற்காத அளவு என்பதால் கடையின் பரணில் இரண்டு மூன்று வருடம் கிடந்த டயர் வெளியே வர வாய்ப்பு அதிகம். இருட்டான குளிர்ந்த கிடங்கில் இருந்த டயர் ஒரு வருடம் பழையதென்றால் பயப்பட வேண்டாம். இரண்டு வருடம் தாண்டியிருந்தால் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள், மூன்று தாண்டியிருந்தால் வேறு கடை பாருங்கள். நான்கு டயரும் ஏறக்குறைய ஒரே மாதத்தில் செய்ததாகக் கேளுங்கள். டயரை மாட்டிய பிறகு பார்த்தால் வாதாட முடியாது, கடைக்காரர் ரிம்மில் ஏற்றுவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும். எம்ஆர்பி விலைக்குக் கீழே பேசுவது டயர் கடையில் வழக்கம்தான், கூச்சப்பட வேண்டாம். 2025 செப்டம்பர் 22 முதல் டயருக்கான ஜிஎஸ்டி 28-இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்ததையும் மனதில் வைத்துப் பில்லைப் பாருங்கள்.

பழைய டயர் வாங்கலாமா என்றால், புது கார் வாங்கியவுடன் அலாய் வீலுக்கு மாறுகிறவர்கள் கழற்றிக் கொடுக்கும் டயர்கள் சந்தைக்கு வருவது உண்டு. தேதியும் அளவும் பொருந்தினால் அவை நல்ல பேரம். மற்றபடி, சூடான கத்தியால் பள்ளத்தை ஆழமாக வெட்டி, கறுப்பு பாலிஷ் அடித்து வைத்திருக்கும் டயர்களும் அதே கடையில் அதே வரிசையில் அடுக்கியிருக்கும். லாரி டயரில் இப்படி மறுபடி வெட்டுவதற்கென்றே கூடுதல் ரப்பர் விட்டுச் செய்வார்கள். கார் டயரில் அது கிடையாது, கத்தி எஃகுப் பட்டைக்கு மிக அருகில் போய்விடும். பள்ளத்தின் அடியில் ஆங்காங்கே குறுக்கே இருக்கும் சிறிய மேடுதான் தேய்மானக் குறி. அது எங்கேயும் கண்ணில் படவில்லை, பள்ளத்தின் ஓரம் பிசிறாக இருக்கிறது என்றால் கத்தி வேலை.

இரண்டு டயர் மட்டும் வாங்கக் காசு இருக்கிறது, எங்கே மாட்டுவது? நம் ஊரில் நூற்றுக்குத் தொண்ணூறு கடைகளில் "முன்னாடி சார், முன் சக்கரம்தானே இழுக்குது" என்பார்கள். பதில் பின்னால். வடகிழக்குப் பருவமழையில் நீர் தேங்கிய சாலையில் முன் டயர் வழுக்கினால் வண்டி நேராகப் போகப் பார்க்கும். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெரும்பாலும் திரும்பக் கைக்கு வரும். பின் டயர் வழுக்கினால் வண்டியின் வால் சுற்றும். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ், வண்டி சுற்றாமல் தடுக்கும் ஈஎஸ்சி எதுவும் இல்லாத பழைய காரில் அதைத் திருப்பிப் பிடிக்கப் பந்தய ஓட்டுநர் வேண்டும். முன் சக்கர இழுவை வண்டியானாலும் இதே விதிதான்.

நீரில் டயர் மிதக்கத் தொடங்கும் வேகத்துக்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. விமானச் சக்கரங்களை வைத்து நாசாவில் செய்த ஆராய்ச்சியிலிருந்து வந்தது. காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தை 10.35-ஆல் பெருக்கினால் மணிக்கு இத்தனை மைல் என்று வரும். 28 பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தின் அலகு) காற்று இருந்தால் அது ஏறத்தாழ 88 கிலோமீட்டர். காற்று 20-க்கு இறங்கியிருந்தால் 75-க்கும் குறைவு. பட்டன் தேய்ந்து, தேங்கிய நீரை வெளியேற்ற வழியில்லாத டயருக்கு இந்தக் கணக்கு பொருந்தும். பட்டன் நன்றாக இருந்தால் இன்னும் கொஞ்சம் தள்ளிப்போகும். காற்று பார்ப்பது மைலேஜுக்காக மட்டும் என்று நினைப்பவர்கள் இந்த இரண்டு எண்களையும் ஒருமுறை அருகருகே வைத்துப் பார்க்கலாம்.

காற்றைப் பற்றி வேறு பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஓட்டுநர் கதவுச் சட்டத்திலோ கையேட்டிலோ உள்ள அளவு, டயர் குளிர்ந்திருக்கும்போது, பதினைந்து நாளுக்கு ஒருமுறை. வெயிலில் 20 கிலோமீட்டர் ஓடிவிட்டு பங்க்கில் பார்த்து, "கூட இருக்கு" என்று காற்றை இறக்குவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. வெப்பநிலை 5 அல்லது 6 டிகிரி கூடினால் அழுத்தம் ஒரு பிஎஸ்ஐ கூடும், அது இயல்பு. நைட்ரஜன் நிரப்புவதால் கெடுதல் இல்லை. நாம் சுவாசிக்கும் காற்றிலேயே 78 சதவீதம் அதுதான். அந்தக் காசுக்குச் சொந்தமாக ஒரு அளவுமானி வாங்கி வைத்தால் பங்க்குக்குப் பங்க் மாறும் எண்களிலிருந்து விடுதலை கிடைக்கும்.

டயரைக் கழற்றியிருக்கும் நேரம்தான் ரிம்மைப் பார்க்கச் சரியான நேரம், ஆனால் கடையில் எல்லோரும் அவசரத்தில் இருப்பார்கள். பத்து நிமிடம் கேட்டு வாங்க வேண்டும். டயர் விளிம்பு உட்காரும் இடத்தில் துரு பொடிப்பொடியாக எழும்பியிருந்தால் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, துரு தடுக்கும் பிரைமரும் மேலே பெயின்டும் அடித்து, நன்றாகக் காய்ந்த பிறகே டயரை ஏற்ற வேண்டும். வாரத்துக்கு ஐந்து பிஎஸ்ஐ மர்மமாகக் காணாமல் போவதற்குப் பாதி நேரம் இந்தத் துருதான் காரணம். மீதிப் பாதி வால்வு. புது டயர் போடும்போது ரப்பர் வால்வையும் மாற்றச் சொல்லுங்கள். சில்லறைக் காசுதான், ஆனாலும் கேட்காவிட்டால் பழையதே திரும்பப் போகும். கடலோர ஊர்களில் ரிம்மின் நடுவட்டமும் நட்டுத் துளைகளும் அரித்திருக்கும். துளையின் ஓரத்தில் மயிரிழை விரிசல் இருந்தால் அந்த ரிம்மை வெல்டிங் வைக்காமல் மாற்றிவிட வேண்டும். குழியில் விழுந்து விளிம்பு நெளிந்த இரும்பு ரிம்மைத் தட்டி எடுக்கலாம். அலாய் ரிம்மைச் சூடாக்கி நெளிவெடுத்துத் தருவதாகச் சொல்லும் கடைகளை நான் நம்புவதில்லை.

மாட்டும்போது நட்டுகளைக் கையால் மூன்று நான்கு சுற்று ஏற்றிய பிறகே ஸ்பேனர். நேராக ஏர் கன் வைத்தால் பழைய போல்ட்டின் மரை கிழியும். எதிரெதிராக மாற்றி மாற்றி இறுக்க வேண்டும், 50, 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு மறுபடி ஒருமுறை சோதிக்க வேண்டும்.

அலைன்மென்ட், அதாவது சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்கிறோம் என்பதில் பெரும் பணம் வீணாவது பழைய கார்களில்தான். சஸ்பென்ஷனின் லோயர் ஆர்ம் ரப்பர் புஷ் கிழிந்து, ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடு எண்டு ஆடிக்கொண்டிருக்கும் வண்டியைக் கம்ப்யூட்டர் மேடையில் ஏற்றி எல்லா எண்களையும் பச்சைக்குக் கொண்டுவருவார்கள். கடையை விட்டு இறங்கி முதல் வேகத்தடையைத் தாண்டும்போதே அந்த எண்கள் போய்விடும். முதலில் வண்டியை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் பேரிங்கையோ பால் ஜாயிண்டையோ சந்தேகப்பட வேண்டும். இடமும் வலமும் பிடித்து ஆட்டினால் ஆடுகிறதா, டை ராடு எண்டு. இவற்றை மாற்றிய பிறகு செய்யும் அலைன்மென்டே நிற்கும்.

பழைய டயரைத் தூக்கிப் போடுவதற்கு முன் அது எப்படித் தேய்ந்திருக்கிறது என்று பார்ப்பது நல்ல மெக்கானிக்குகளின் பழக்கம். இரு ஓரமும் தேய்ந்திருந்தால் வண்டி காற்றுக் குறைவில் ஓடியிருக்கிறது, நடு மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். உள்ளோரம் மட்டும் மொட்டையாகியிருந்தால் கேம்பர் கோணமோ (சக்கரம் மேலே உள்ளோ வெளியோ சாயும் அளவு) டோ-வோ (சக்கரத்தின் முன்பக்கம் உள்ளோ வெளியோ திரும்பியிருக்கும் அளவு) விலகியிருக்கிறது. உள்ளங்கையால் சுற்றிலும் தடவும்போது மேடும் பள்ளமுமாகத் தட்டுப்பட்டால் ஷாக் அப்சார்பர் போய்விட்டது. அதை மாற்றாமல் புது டயர் போட்டால் அதுவும் சில ஆயிரம் கிலோமீட்டரில் அதே மாதிரி ஊளையிடத் தொடங்கும். ஓட்டி வந்து நிறுத்தியதும் ரிம் அருகே கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். மற்ற மூன்றையும்விட ஒன்று மட்டும் கொதித்தால் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. நீண்ட நாள் நின்ற வண்டிகளில் பிரேக் பேடை அழுத்தும் காலிப்பரின் பின் இறுகிப்போவதால் இது சகஜம்.

வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்த்துக்கொண்டு ஊரில் கார் வைத்திருப்பவர்களுக்கு வேறு பிரச்சினை. ஆறு மாதம் ஒரே இடத்தில் நிற்கும் டயரின் அடிப்பகுதி தட்டையாகிவிடும். காற்றும் இறங்கியிருந்தால் அந்தத் தட்டை நிரந்தரமாகிவிடும். கிளம்பும் முன் வழக்கத்தைவிட ஐந்தாறு பிஎஸ்ஐ கூடுதலாக அடித்து வைக்கலாம். மாதம் ஒருமுறை வீட்டிலுள்ளவர்கள் யாராவது அரைச் சக்கரம் உருட்டி நிறுத்தினால் இன்னும் நல்லது. எஞ்சினை மட்டும் ஸ்டார்ட் செய்து பத்து நிமிடம் உறும விடுவதால் டயருக்கு ஒரு பயனும் இல்லை. மண்ணெண்ணெய், டீசல் கலந்த மலிவான டயர் பாலிஷை அடித்து வைக்கச் சொல்லாதீர்கள். ரப்பரைக் காக்க வேண்டிய மெழுகை அது கரைத்துவிடும். சோப்புத் தண்ணீர் போதும், மேலே வெயில் படாமல் ஒரு சாக்கோ அட்டையோ சாய்த்து வைத்தால் போதும்.

கடைசியாக டிக்கியில் உள்ள ஜாக்கியையும் ஸ்பேனரையும் பகல் வெளிச்சத்தில் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். ஜாக்கியின் திருகுக்கு கிரீஸ் வேண்டும். கதவுக்குக் கீழே ஜாக்கி வைக்கும் மடிப்பு பழைய கார்களில் உள்ளுக்குள் துருப்பிடித்து, வண்டியைத் தூக்கும்போதே மடங்கிவிடுவது உண்டு. அது உறுதியாக இருக்கிறதா என்று தட்டிப் பாருங்கள். கம்பெனி கொடுத்த குட்டையான ஸ்பேனரால், கடையில் ஏர் கன் வைத்து இறுக்கிய நட்டை உங்கள் வீட்டில் யாரெல்லாம் கழற்ற முடிகிறது என்று சோதித்துவிட்டு, முடியவில்லையென்றால் ஒரு நீளமான கூட்டல்குறி ஸ்பேனர் வாங்கி ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் போட்டு வையுங்கள்.